கலப்பின நெல்லும் ஆண்மலடும்: தீவகக் கமக்காரர் அறியவேண்டியவை

புங்குடுதீவின் மடத்துவெளி முதலாய தீவக வயல்கள் வானத்தை நம்பி விளைபவை. ஆறில்லை, வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலுமில்லை. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் புழுதியாக உழுது விதைத்த நெல், ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வளர்ந்து, தை, மாசியில் அறுவடைக்கு வருகின்றது. ஆண்டுக்கு ஒரு போகமே. அது தவறினால் அடுத்த மழைவரை காத்திருத்தலன்றி வேறு வழியில்லை. ஆதலினாலேயே, களத்தில் நெல் குவிந்ததும் உணவுக்கு அளக்குமுன் விதைக்கு அளந்து வைக்கும் வழக்கம் இங்கு நிலைபெற்றது.

இவ்வழக்கத்துக்கு ஒவ்வாத விதை ஒன்று உண்டு. அது கலப்பின விதை. தோட்டக் கமக்காரர் இதனை நன்கறிவர். தக்காளி, மிளகாய், கோவா ஆகியவற்றின் விதைப் பொதிகளிற் பல கலப்பின விதைகளே. நெல்லிலும் கலப்பினங்கள் உள்ளன. அவை மிகுதியாக விளைகின்றன என்ற செய்தி கமக்காரர் செவிக்கு எட்டும்போது இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. அந்நெல் நம் வயலுக்கு ஏற்றதா? ஏற்றதாயின், அதன் விளைவிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை வைக்கலாமா?

இவ்விரு வினாக்களுக்கும் விடை நெற்பூவின் உள்ளே இருக்கின்றது. அப்பூவில் ஏற்படும் ஆண்மலடு என்னும் குறையே கலப்பின நெல்லுக்கு அடிப்படை. அக்குறை எவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகின்றது என்பதை அறிந்த கமக்காரர், விதைப் பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதைத் தாமே தீர்மானிக்க வல்லவராவர்.

பனையும் பூசணியும் நெல்லும்

தீவகத்தில் ஆண்பனையையும் பெண்பனையையும் அறியாத சிறுவரும் இலர். பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள். பூசணியிலும் பாகலிலும் ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நெல்லிலோ ஒவ்வொரு பூவும் ஆணும் பெண்ணுமாயிருக்கின்றது. இரண்டு உமிகளுக்கிடையே ஆறு கேசரங்களும், அவற்றின் நடுவே ஒரு சூலகமும், அதன்மேல் இறகு போன்ற இரண்டு குறிகளும் உள்ளன. கேசரத்தின் நுனியிலுள்ள மகரந்தக்கூடு வெடித்து, அதன் தூள் குறியிற் படிந்தாற்றான் நெல் மணி பிடிக்கும்.

நெற்பூ காலை வேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே திறந்திருக்கும். அது திறக்கும் தறுவாயிலேயே மகரந்தக்கூடு வெடித்துத் தன் பூவின் குறியிலே தூளைச் சொரிந்துவிடும். வெளிப்பட்ட தூளோ சில நிமிடங்களிலே உயிர்ப்பை இழந்துவிடும். ஆகவே, அயற் செடியின் மகரந்தத்தால் நெல் மணி பிடித்தல் மிக அரிது. நூற்றுக்கு ஒன்று எனவும் சொல்ல முடியாது. இதனாலேயே ஒரு நல்ல இரகத்தைப் பல்லாண்டுகள் விதைத்து வந்தாலும் அதன் குணம் பெரிதும் மாறுவதில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்தமைக்கு, கமக்காரரின் கவனத்தோடு நெற்பூவின் இவ்வியல்பும் காரணமாகும்.

கலப்பு வீரியம்

தூய இரகங்கள் இரண்டைக் கலந்தால், முதற் தலைமுறைச் செடிகள் தாயையும் தந்தையையும் விடச் செழித்து வளர்தலும் மிகுந்த பலன் தருதலும் உண்டு. இதனைக் கலப்பு வீரியம் என்பர். அமெரிக்காவில் 1908ஆம் ஆண்டளவிற் சோளச் செடியில் இது தெளிவாக ஆராயப்பட்டது. சோளத்தின் ஆண்பூங்கொத்து செடியின் உச்சியிலும், பெண்கதிர் இடையிலும் இருத்தலால், உச்சியைக் கிள்ளி எறிந்தாற் போதும், அச்செடி பெண்செடியாகிவிடும். அருகில் நிற்கும் வேறினத்தின் மகரந்தம் அதிற் படிந்து கலப்பு விதை உண்டாகும்.

நெல்லில் இது எளிதன்று. ஒவ்வொரு பூவையும் வெடிக்குமுன் திறந்து, ஆறு கேசரங்களையும் நீக்கி, வேறு மகரந்தத்தைத் தூவினால் கிடைப்பது ஒரே ஒரு மணி. ஆராய்ச்சிக்கு இது போதும், வயலுக்குப் போதாது. தக்காளியிலும் கத்தரியிலும் ஒரு பூவுக்குச் செய்யும் வேலையால் ஒரு காய் நிறைய விதை கிடைப்பதால், அவற்றிற் கைவேலை கட்டுபடியாகின்றது. நெல்லுக்கு வேண்டியது, தானாகவே ஆண்மை இழந்து, பெண்மை மட்டும் குன்றாதிருக்கும் ஒரு செடி. அத்தகைய செடியே ஆண்மலட்டுச் செடி எனப்படும்.

வெங்காயம் காட்டிய வழி

ஆண்மலட்டை விதை உற்பத்திக்குப் பயன்படுத்தும் வழி முதன்முதலில் திறந்தது வெங்காயத்தில் என்பது, வெங்காயச் செய்கையிற் பேர்பெற்ற யாழ்ப்பாணத்தவருக்குச் சுவை தரும் செய்தியாகும். 1925இல் அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள டேவிஸ் என்னுமிடத்தில், என்றி யோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சிவப்பு வெங்காய இனமொன்றில், தன் மகரந்தத்தால் விதை பிடிக்காத ஒரு செடியைக் கண்டார். விதையற்ற அச்செடி அத்துடன் அழிந்திருக்கும். ஆனால் அதன் பூங்கொத்தில் சிறு குமிழ்கள் தோன்றின. அவற்றை நட்டு அச்செடியைக் காப்பாற்றிய யோன்ஸ், அதன் குறை எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதைக் கிளாக் என்பவருடன் சேர்ந்து 1943இல் வெளியிட்டார்.

குமிழ் நட்டு வளர்க்கும் வெங்காயத்தில் தாயின் குணம் அப்படியே வரும். ஏனெனில், அங்கே ஆண் பெண் சேர்க்கையே இல்லை. விதை என்பது இருவரின் சேர்க்கை. அதிற் குணங்கள் பிரிந்தும் கூடியும் வரும். இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

தாய்வழிச் சொத்து

உயிர்களின் உடல் கலங்களால் ஆனது. கலத்தின் நடுவே கரு உள்ளது. அதைச் சூழ்ந்திருப்பது குழியவுரு. கருவினுள்ளே நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. நெல்லில் அவை 12 சோடி. குணங்களைக் கடத்தும் பரம்பரையலகுகள் அவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றது தந்தை தந்தது.

குழியவுருவிலும் சில பரம்பரையலகுகள் உண்டு. கலத்துக்குச் சத்தியளிக்கும் இழைமணி என்னும் நுண்ணுறுப்புக்களில் அவை இருக்கின்றன. மகரந்தம் கொண்டு செல்வது கருவின் பங்கை மட்டுமே. குழியவுருவோ சூல்வித்தோடு வருவது. எனவே, குழியவுருவின் குணம் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குச் சேரும். தாயைப் போலப் பிள்ளை என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கெழுத்து உண்மையாகின்றது.

நெல்லின் ஆண்மலடு இவ்விரு சொத்துக்களும் முரண்படுவதால் விளைவது. சில குழியவுருக்களில் மகரந்தத்தைக் கெடுக்கும் அலகு ஒன்று உண்டு. அதனை மலட்டுக் குழியவுரு எனலாம். சில செடிகளின் கருவில் அக்கேட்டைத் தடுக்கும் அலகு உண்டு. அதனை மீட்பு அலகு எனலாம். இவற்றின் சேர்க்கை மூவகைப்படும்.

குழியவுரு நல்லதாயின், மீட்பு அலகு இருப்பினும் இல்லாவிடினும் செடி வளமுடையது. குழியவுரு மலட்டுத் தன்மையுடையதாயினும், கருவில் மீட்பு அலகு ஒன்றேனும் இருப்பின் செடி வளமுடையது. குழியவுரு மலட்டுத் தன்மையுடையதாய், மீட்பு அலகும் இல்லையாயின், செடி ஆண்மலடாகும். அதன் சூலகம் பழுதற்றது. மகரந்தம் மட்டும் பதராகிவிடும்.

சீனத்துக் காட்டுநெல்

நெல்லில் இதனைச் செய்துகாட்டியவர் சீன நாட்டு யுவான் லொங்பிங். குனான் மாகாணத்தில் விவசாயப் பாடசாலை ஆசிரியராயிருந்த அவர், 1964இல் நெல் வயல்களில் இறங்கி, ஆயிரக்கணக்கான கதிர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆண்மலட்டுச் செடிகளைத் தேடினார். சில கிடைத்தன. ஆயினும், அவற்றின் மலடு கருவின் அலகால் ஏற்பட்டதாகையால், எந்த நெல்லுடன் சேர்த்தாலும் பிள்ளைகள் அனைத்தும் மலடாக வருமாறு பேண முடியவில்லை. பயிரிடும் நெல்லுக்குத் தூரத்து உறவான காட்டுநெல்லிற் தேடுதல் நலம் என அவர் துணிந்தார்.

1970 நவம்பரிற் கைனான் தீவில், அவரது உதவியாளர் லி பிகு, ஒரு சதுப்பு நிலத்தில் மகரந்தம் கெட்ட காட்டுநெற் செடியொன்றைக் கண்டெடுத்தார். உலகிற் பயிரான கலப்பின நெல்லினங்கள் பலவற்றுக்கு அச்செடியே தாய்வழி மூதாட்டி. 1973இல் அதற்கு ஏற்ற மீட்பு அலகுடைய நெல்லினங்கள் கண்டறியப்பட்டன. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 24 அவற்றுள் ஒன்று. 1976 முதற் சீனாவில் கலப்பின நெல் பெருமளவிற் பயிராயிற்று. நல்ல தூய இரகங்களைவிட அது நூற்றுக்கு 15 முதல் 20 வரை கூடுதலாக விளைந்ததாகக் கணக்கிடப்படுகின்றது.

அக்காட்டுநெல்லின் குழியவுருவிற் கேடு செய்யும் அலகு எது என்பதைச் சீன ஆராய்ச்சியாளர் 2013இல் வெளிப்படுத்தினர். இழைமணியிலுள்ள அவ்வலகு ஆக்கும் புரதம், மகரந்தக்கூட்டின் உட்படையிற் சேர்கின்றது. மகரந்த மணிகளுக்குப் பாலூட்டுவது போல ஊட்டமளிப்பது அப்படை. அது காலத்துக்கு முன்னே மடிவதால், மணிகள் ஊட்டமின்றிச் சூம்பிவிடுகின்றன. இதனைத் தடுக்கும் மீட்பு அலகுகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று முதலாம் நிறமூர்த்தத்திலும், மற்றது பத்தாம் நிறமூர்த்தத்திலும் உள்ளன.

மூவழி விதை உற்பத்தி

கலப்பின விதை செய்ய மூன்று நெல் வழிகள் வேண்டும். முதலாவது, ஆண்மலட்டு வழி, இது தாய். இரண்டாவது, காப்பு வழி. இது கருவில் மலட்டு வழியை ஒத்தது. குழியவுரு மட்டும் நல்லது. காப்பு வழியின் மகரந்தம் மலட்டு வழியிற் படிந்தால், பிள்ளைகள் தாயின் மலட்டுக் குழியவுருவையும், மீட்பு அலகற்ற கருவையும் பெற்று மீண்டும் மலட்டு வழியாகவே பிறக்கும். இவ்வாறே தானாக விதை பிடிக்காத செடி ஆண்டுதோறும் பெருக்கப்படுகின்றது. மூன்றாவது, மீட்பு வழி, இது தந்தை. இதன் மகரந்தம் மலட்டு வழியிற் படிந்து உண்டாகும் மணியே கமக்காரருக்கு விற்கப்படும் கலப்பின விதை. அதில் மலட்டுக் குழியவுரு இருப்பினும், தந்தையின் மீட்பு அலகும் இருத்தலால் பயிர் முழு வளத்துடன் கதிர் பிடிக்கும்.

வெங்காயத்துக்கும் நெல்லுக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. வெங்காயத்தில் விளைபொருள் நிலத்தடிக் குமிழ். பூ மலடாயினும் நட்டமில்லை. ஆகவே, அங்கே தந்தைக்கு மீட்பு அலகு வேண்டுவதில்லை. நெல்லில் விளைபொருளே விதை. மீட்பு அலகற்ற தந்தையாயின், கமக்காரர் வயல் முழுவதும் சப்பியாகும்.

விதை உற்பத்தி வயலில் தந்தை வழி இரண்டு வரிசையும், தாய் வழி எட்டுப் பத்து வரிசையுமாக நடப்படும். இரண்டும் ஒரே காலத்திற் பூக்குமாறு விதைப்பு நாள்கள் முன்பின்னாக அமைக்கப்படும். மலட்டு வழியின் கதிர் கொடியிலை மடலுக்குள் சிக்கி முழுதும் வெளிவராதாகையால், ஜிபரலின் என்னும் வளர்ச்சியூக்கி தெளிக்கப்படும். பூக்கும் காலைகளில், வயலின் இரு வரப்பிலும் இருவர் நின்று கயிற்றைப் பிடித்துப் பயிரின்மேல் இழுத்துச் சென்று மகரந்தத்தைப் பறக்கச் செய்வர். அயலில் வேறு நெல் பூத்து நிற்றல் ஆகாது. இத்தனை கவனமும் கூலியும் சேர்வதாலேயே கலப்பின விதையின் விலை சாதாரண விதைநெல்லின் விலையைப் போற் பல மடங்காகின்றது.

பிறிதொரு முறையும் உண்டு. 1973இற் சீனாவின் கூபெய் மாகாணத்தில் ஷி மிங்சொங் என்பவர், நீண்ட பகலுடைய கோடையிற் பூத்தால் மலடாகவும், பகல் குறுகும் காலத்திற் பூத்தால் வளமாகவும் இருக்கும் நெற்செடிகளைக் கண்டார். வெப்பநிலைக்கேற்ப இவ்வாறு மாறும் செடிகளும் பின்னர் கிடைத்தன. பகலின் நீளம் பெரிதும் மாறாத நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு வெப்பநிலைவழிச் செடிகளே பொருந்தும். இம்முறையிற் காப்பு வழி வேண்டியதில்லை. ஆனால், எதிர்பாராத குளிர் வந்தால் தாய்ச்செடி தன் மகரந்தத்தையே ஏற்று விதை கலப்படமாகிவிடும்.

விளைவை விதையாக வைத்தால்

கலப்பின நெல்லின் அறுவடையிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தால் நிகழ்வது யாது? அது முளைக்கும், செழிப்பாகவும் வளரத் தொடங்கும். நட்டம் தெரிவது கதிர் வரும்போதே.

கலப்பினச் செடியின் கருவில் ஒவ்வொரு சோடியிலும் தாயின் அலகு ஒன்றும் தந்தையின் அலகு ஒன்றும் உள்ளன. அடுத்த தலைமுறையில் அவை பிரிந்து சேரும். மீட்பு அலகு ஒன்றை மட்டும் கணக்கிற் கொள்வோம். நான்கு செடிகளில் ஒன்று இரண்டு மீட்பு அலகுகளைப் பெறும். இரண்டு செடிகள் ஒவ்வொன்று பெறும். ஒன்று எதனையும் பெறாது. எல்லாச் செடிகளும் மலட்டுக் குழியவுருவையே தாயிடமிருந்து பெற்றவையாதலின், மீட்பு அலகு பெறாத நான்காவது செடி ஆண்மலடாகும். மீட்பு அலகு இரண்டாயின் இவ்விகிதம் மாறும். பாதி வளமும் பாதிச் சப்பியுமான செடிகளும் இடையிடையே தோன்றும்.

இழப்பு அதனோடு முடிவதில்லை. தாயும் தந்தையும் எந்தெந்தக் குணத்தில் வேறுபட்டனவோ, அவையெல்லாம் வயலிற் சிதறும். ஒரு செடி உயரும், ஒரு செடி குறுகும். ஒன்று முந்தி முற்றும், மற்றது பச்சையாய் நிற்கும். மணியின் அளவும் வேறுபடும். கலப்பு வீரியத்துக்குக் காரணமான இருவேறு அலகுகளின் சேர்க்கை, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். தோட்டத்திற் கலப்பினத் தக்காளியின் பழத்திலிருந்து எடுத்த விதை பல வடிவக் காய்களைத் தருவதும் இக்காரணத்தாலேயே. இது விதையில் யாரோ செய்த வஞ்சனையன்று. விதையிற் சேர்த்த நஞ்சுமன்று. பரம்பரையின் இயல்பான கணக்கு.

அயல் வயலிற் கலப்பின நெல் விதைக்கப்பட்டால் தம் நெல்லும் மலடாகுமோ என அஞ்சவேண்டியதில்லை. மலட்டுக் குழியவுரு தாய்வழி மட்டும் செல்வது. காற்றிற் பறக்கும் மகரந்தம் அதனைக் கொண்டுவர மாட்டாது. உண்மையான ஆபத்து, கலப்பின நெல்லின் மணிகள் சாக்கிலோ களத்திலோ விதைநெல்லோடு கலந்துவிடுதலே.

ஒரே தாயின் ஆபத்து

ஆண்மலட்டின் பயனோடு அதன் ஆபத்தையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவிற் சோளத்தின் உச்சியைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, ரெக்சாஸ் மலட்டுக் குழியவுரு என ஒன்று கையாளப்பட்டது. 1970இல் அந்நாட்டுச் சோளத்தில் நூற்றுக்கு 85 வரையில் அக்குழியவுருவையே உடையதாயிருந்தது. மலட்டை விளைத்த அதே அலகு, இலைக்கருகல் நோய்ப் பூஞ்சணத்தின் நஞ்சுக்குச் செடியை இலக்காக்கியது. அவ்வாண்டு நாட்டின் சோள விளைவில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கு அழிந்தது. பல இனங்கள் பயிரானதாக எண்ணியிருந்தும், அவையனைத்தும் தாய்வழியில் ஒன்றாயிருந்தன. கலப்பின நெல்லிலும் ஒரே காட்டுநெற் குழியவுருவே பெரிதும் கையாளப்படுதலால், வேறு குழியவுருக்களையும் ஆராய்ச்சியாளர் தேடிச் சேர்த்து வருகின்றனர். ஊர் முழுவதும் ஒரே நெல்லை விதைத்தல் நன்றன்று என்னும் முன்னோர் எச்சரிக்கைக்கு இது தக்க சான்று.

இலங்கையும் தீவகமும்

அயலிற் தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் எம்.ஜி.ஆர். கலப்பின நெல்லை வெளியிட்டது. இலங்கையில் 1952இல் நிறுவப்பட்ட பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பீஜீ 407எச் என்னும் கலப்பின நெல்லை வெளியிட்டது. ஆயினும், இந்நாட்டு நெல் வயல்களில் மிகப் பெரும்பகுதி தூய இரகங்களாலேயே விதைக்கப்படுகின்றது.

இங்கே ஒரு பெயர் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 1958இல் வெளிவந்து நாடெங்கும் பரவிய எச்-4 நெல்லும் முருங்கக்காயன், மாஸ் என்னும் இரு இனங்களைக் கலந்து பிறந்ததே. ஆயினும், அது கலப்பின விதையன்று. கலப்பின் பின் பல தலைமுறைகள் தெரிந்தெடுத்து, குணம் நிலைபெற்ற பின்னரே அது கமக்காரரிடம் வந்தது. ஆகவே, ஒருவர் வயலிலிருந்து மற்றொருவருக்கு விதையாகச் செல்லக்கூடியதாயிருந்தது. இன்று வயலில் உள்ள பீஜீ, ஏரீ வரிசை நெல்லினங்களிற் பெரும்பாலானவையும் அத்தகையனவே. அவற்றின் விதையைக் கமக்காரர் சேமித்து விதைக்கலாம். பெயரின் ஈற்றில் எச் என்னும் எழுத்துள்ள கலப்பின நெல்லின் விதையை மட்டும் அவ்வாறு வைக்கலாகாது.

தீவக வயலுக்குக் கலப்பின நெல் ஏற்றதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கலப்பின நெல்லை நாற்றுமேடையில் வளர்த்து, குத்துக்கு ஓரிரு நாற்றாக நட்டால், ஏக்கருக்கு 6 கிலோகிராம் விதை போதும். அதன் விலை எட்டக்கூடியதாவது அதனாலேயே. இங்கோ நெல் புழுதியில் வீசி விதைக்கப்படுகின்றது; ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல், அதாவது 40 கிலோகிராம் வேண்டும். விலையுயர்ந்த விதையை ஆறு மடங்குக்கு மேலாக வீசவேண்டி வரும். மழை பிந்தினால் அவ்வளவும் மண்ணில் மடியும். மேலும், கலப்பு வீரியம் வெளிப்பட நீரும் பசளையும் குறையாது கிடைக்கவேண்டும். நிச்சயமான நீர்ப்பாசனமுள்ள வயலில் இது நன்மை தரலாம். மழையை நம்பி, உவர் ஏறும் நிலத்தில், அடுத்த ஆண்டுக்கான விதையையும் அதே களத்திலிருந்து எடுக்கவேண்டிய கமக்காரருக்கு, உவரைத் தாங்கும் ஏரீ 354 போன்ற தூய இரகமே பாதுகாப்பானது.

தோட்டப் பயிரிற் கணக்கு வேறு. ஒரு பரப்புத் தக்காளிக்கு வேண்டிய விதை மிகச் சிறிது. கிணற்று நீரும் உண்டு. விளைவு சந்தைக்குச் செல்வது. அங்கே கலப்பின விதையை ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்குதல் கட்டுபடியாகலாம்.

சப்பிக் கதிரைக் கண்டால்

சப்பியான கதிரெல்லாம் பரம்பரை மலட்டால் வந்ததன்று. தூய இரகம் விதைத்த வயலில் அது மிக அரிது. காரணத்தை வயலிலேயே அறியலாம்.

வெண்ணிறமான கதிரைப் பிடித்து இழுத்ததும் எளிதிற் கழன்று வந்தால், அது தண்டு துளைப்பானின் வேலை. கதிரின் கழுத்துக் கறுத்து ஒடிந்தால் எரிபந்த நோய். மணியின் உமியிற் கபில நிறப் புள்ளியிருந்தால், பால் பிடிக்கும் பருவத்தில் மூட்டுப்பூச்சி உறிஞ்சியிருக்கும். வயலின் ஒரு பகுதி முழுவதும், சிறப்பாகக் கடலோரத்து வரப்பை அடுத்த பள்ளத்திற் சப்பியாயிருந்தால், உவர் காரணமாகலாம். நெல் இளநாற்றிலும் பூக்கும் காலத்திலும் உவருக்கு மிக எளிதில் இடையும். மகரந்தம் உயிர்ப்பை இழக்கும். பூக்கும் வேளையில் மழை பொய்த்தாலும், வெப்பம் 35 பாகை சதமத்தைக் கடந்தாலும் இதுவே நிகழும். இவை காலத்தின் கேடு. இவ்வகைச் சப்பி விதைவழி தொடராது.

நல்ல பயிரின் நடுவே தனித்து ஒரு செடி நின்று, அதன் எல்லாக் கதிர்களும் சப்பியாகி, மற்றவை தலைசாய்ந்த பின்னும் நிமிர்ந்து நின்றால், அது பரம்பரை மலடாகலாம். பூக்கும் காலையில் அதன் மகரந்தக்கூட்டைப் பார்த்தால் அறியலாம். நல்ல பூவில் அது மஞ்சள் நிறமாய்ப் பருத்திருக்கும். மலட்டுப் பூவில் வெளிறிச் சூம்பியிருக்கும். அத்தகைய செடியைப் பிடுங்கி எறியாது, இடத்தைக் குறித்துவைத்து விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் நலம். யோன்ஸ் கண்ட வெங்காயமும், கைனான் தீவின் காட்டுநெல்லும் முதலிற் பயனற்ற செடிகளாகவே தோன்றின.

கமக்காரர் கைக்கொள்ளவேண்டியவை

1. விதை வாங்கும்போது அது கலப்பினமா, தூய இரகமா என்பதைக் கேட்டறிக. பொதியின் எழுத்தை வாசித்து, பொதியையும் பற்றுச்சீட்டையும் அறுவடைவரை பேணி வைக்க.

2. கலப்பின நெல், தக்காளி, மிளகாய், கோவா ஆகியவற்றின் விளைவிலிருந்து விதை எடுத்தலைத் தவிர்க்க.

3. கலப்பின நெல்லைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஒரு சிறு வயலிற் செய்து, அதனைத் தனியே அறுத்து, தனியே சூடடித்து, முழுவதையும் உணவுக்கே கொள்க.

4. தூய இரகத்தின் விதையை வயலின் நடுப்பகுதியிலிருந்து எடுக்க. அயலாரின் வேறு நெல்லை அடுத்த பகுதியில் மூன்று மீற்றர் அகலத்தை விதைக்கு விலக்குக. பூக்கும் போதும் முற்றும் போதும் வேற்றுச் செடிகளைக் களைக.

5. விதைநெல்லை நன்கு காயவைத்து, ஈரமும் எலியும் அணுகாவண்ணம் வைத்துக்கொள்க. விதைக்குமுன், முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் இட்டு, மிதப்பதை நீக்கி, தாழ்ந்ததை நன்னீரில் இருமுறை கழுவுக.

6. நூறு மணிகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்துப் பார்க்க. எண்பத்தைந்துக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுக. மூன்று நான்கு போகங்களுக்கு ஒருமுறை அத்தாட்சிப்படுத்திய விதைநெல்லைப் பெற்று இரகத்தைப் புதுப்பிக்க.

7. ஊரவர் அனைவரும் ஒரே இரகத்தை விதையாது, இரண்டு மூன்று இரகங்களைப் பகிர்ந்து விதைக்க. ஒருவர் விதை தவறினால் அடுத்தவர் களத்தில் விதை இருக்கும்.

நிலத்துக்கும் உவருக்கும் ஏற்ற இரகங்களைப் பற்றிய ஆலோசனையைத் தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திற் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். ஆவணியில் உழவு தொடங்குமுன் கேட்டல் நன்று. விதைத்த பின் எழும் ஐயத்துக்கு அடுத்த ஆண்டே விடை கிடைக்கும்.